குடும்பத்தோடு ஊர் திரும்ப ஒரு சாயங்கால பஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டணத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் விடாமல் படிக்கிறோம். போன வாரம் ஒருவர் தென்னந்தோப்பில் நிற்கிற படம் போட்டிருந்தீர்கள். எத்தனை ஏக்கர், என்ன உரம் வைக்கிறார், மரத்துக்கு எத்தனை காய், செலவு போக என்ன நிற்கிறது எல்லாம் விவரமாக இருந்தது. அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு எதில் போகிறார்கள், அவர் மனைவி முன்பு என்ன வேலை பார்த்தார், இப்போது என்ன செய்கிறார், வீட்டில் வயதானவர்கள் உண்டா, ராத்திரி காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்படி ஊர் திரும்பிய குடும்பம்தான் எங்களுடையதும். விடுபட்டுப் போன அந்த விஷயங்களை நானாவது எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீளம்தான். இடம் இல்லாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள், பஸ்ஸைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுக்காதீர்கள்.

நான் தாராபுரம் பக்கம் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்தது காங்கேயத்துக்கும் முத்தூருக்கும் நடுவில் ஒரு தோட்டத்துக்கு. கல்யாணமான கையோடு சென்னைக்குக் கிளம்பிவிட்டோம். அவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, எனக்கு ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. பள்ளிக்கரணையில் வாடகை வீடு. மகளும் மகனும் அங்கேதான் வளர்ந்தார்கள். சென்னை பிடிக்காமல் ஓடி வந்தோம் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆனது. கரண்ட் இல்லை, பால் இல்லை. அப்போது எங்களுக்கும் சேர்த்துச் சோறு பொங்கிக் கொடுத்தது மாடி வீட்டுக்காரர்கள்தான். பிழைக்க வழி கொடுத்த ஊர் அது. அங்கே போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நாங்கள் வந்த காரணம் வேறு. மாமனார் காலமான பிறகு அத்தை தோட்டத்தில் தனியாக இருந்தார். சென்னைக்குக் கூப்பிட்டால், "மாடு கன்ன உட்டுப்போட்டு நான் எங்க சாமி வர்றது" என்பார். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தகப்பன், மகன் மூன்று பேரும் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அத்தைக்குப் போன் போட்டு, கதவைத் தாழ் போட்டாச்சா, வாசல் லைட் எரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முழுப் பரீட்சை முடிந்ததும் கிளம்புவது என்று அந்த வாரத்திலேயே முடிவு செய்தோம். 2025 ஏப்ரலில் சாமான்களை லாரியில் ஏற்றினோம். இங்கே வந்து பிரித்து அடுக்கி முடிப்பதற்குள், மே மாதத் தொடக்கத்தில், சிவகிரி பக்கம் விளக்கேத்தியில் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்ட செய்தி. எங்களுக்குச் சிவகிரி தூரமே இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி இங்கே வீடுகள் எல்லாம் தெருவில் ஒட்டி நிற்பதில்லை. ஊர் என்று ஒன்று நடுவில் இருக்கும். நிலம் வைத்திருப்பவர்கள் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பார்கள், அதைத்தான் சாளை என்போம். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் இடையே இரண்டு மூன்று காடு தாண்ட வேண்டும், விவசாய நிலத்தைத்தான் இங்கே காடு என்போம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே இட்டேரி என்கிற மண் தடம். கிணற்றையும் மாடு கட்டுகிற கட்டுத்தரையையும் கண்பார்வையில் வைத்துக்கொள்ள இதுதான் தோது. ஒவ்வொரு சாளையிலும் பத்துப் பேர், பண்ணையத்து ஆட்கள், மாடு, நாய் என்று நிறைந்திருந்த காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தார்கள். இப்போது எங்கள் தடத்தில் இருக்கிற ஆறு சாளையில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. இரண்டில் வயதானவர்கள் மட்டும். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், கோயம்புத்தூரில், பெங்களூரில். போலீஸார் வந்து கேமரா மாட்டச் சொன்னார்கள், தனியாக இருக்கிறவர்கள் விவரத்தை எழுதிக்கொண்டு போனார்கள், ராத்திரி ரோந்தும் வருகிறது. எல்லாம் நல்லதுதான், நாங்களும் கேமரா மாட்டியிருக்கிறோம். ஆனால் நாங்கள் குடிவந்த வாரத்தில் அடுத்த தோட்டத்து அம்மா பொழுதோட வந்து திண்ணையில் உட்கார்ந்து, "உங்க சாளைல லைட்டு எரியறது எங்கூட்டு வாசல்ல இருந்து தெரியுது கண்ணு, நேத்துத்தான் நல்லாத் தூங்கினேன்" என்று சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும்.

இதனால்தான் ஊர் திரும்புவதை ஒருவருடைய விவசாய ஆசையாக மட்டும் எழுதாதீர்கள் என்கிறேன். ஆண் மட்டும் வந்து தோப்பைப் பார்த்துவிட்டு வாரக் கடைசியில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் அந்தச் சாளையில் ராத்திரி யாரும் இருக்கப் போவதில்லை. பெண்களும் பிள்ளைகளும் வந்து தங்க வேண்டும். அவர்கள் தங்குவார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்வது மண்ணும் மரமும் இல்லை, முதலில் பஸ்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. டவுனில் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். காலை டவுன் பஸ் ஏறக்குறைய நேரத்துக்கு வந்துவிடும். சிக்கல் எல்லாம் சாயங்காலம்தான். பள்ளி விட்டதும் ஐந்து மணி வாக்கில் ஒரு பஸ், அதை விட்டால் ஆறே முக்காலுக்கு ஒன்று. ஐந்து மணி பஸ் பல நாள் வருவதே இல்லை. கேட்டால் டிரிப் கட் என்கிறார்கள். வண்டி ரிப்பேராக இருக்கும், ஆள் பற்றாக்குறையாக இருக்கும், முகூர்த்த நாள் என்று வேறு ரூட்டுக்கு எடுத்திருப்பார்கள். ஓடுகிற டிரைவர் கண்டக்டர் மேல் எனக்குக் குறை இல்லை, இருட்டில் தடம் பிரிகிற இடத்தில் நிறுத்தி, பிள்ளைகள் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகு வண்டியை எடுக்கிற நல்ல மனிதர்கள் அவர்கள். எந்த டிரிப்பை வெட்டுவது என்று முடிவு செய்கிறவர்களிடம்தான் என் கேள்வி. கூட்டம் குறைவான ரூட் என்று எங்கள் ரூட்டைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பஸ்ஸை நம்ப முடியாமல் எல்லோரும் மொபெட் வாங்கினால் கூட்டம் குறையாமல் என்ன செய்யும்?

ஒரு வேலையாக டவுனுக்குப் போயிருந்த நாள் மகளோடு நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். தேங்காயை உடைத்துக் காயவைக்கிற களத்தில் பருப்பு எடுத்துவிட்டு வந்த பெண்கள், கையில் ஒயர் கூடை, புடவையெல்லாம் எண்ணெய் வாசம். ஐந்து மணி பஸ் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் படியில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டை மடியில் வைத்துப் படம் வரைய ஆரம்பித்துவிட்டாள். ஸ்கேல், பென்சில், அழிரப்பர் எல்லாம் பக்கத்தில் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதிலிருந்தே தெரிந்தது, இது அவளுக்கு வழக்கம். லைட் போட்ட பிறகு வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வரைந்தாள். ஆறே முக்கால் பஸ்ஸும் வரவில்லை. ஏழு மணிக்கு மேல் ஒவ்வொரு அப்பாவாக வண்டியில் வந்து இரண்டு மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை என் வீட்டுக்காரர் வந்து கூட்டிப் போனார். அந்தப் பெண்ணுக்கு வர ஆள் இல்லை, அப்பாவுக்குத் தறியில் நைட் ஷிப்டு. அவளும் அவள் அம்மாவும் இன்னும் இரண்டு களத்துப் பெண்களும் சேர்ந்து ஆட்டோ பேசினார்கள், முன்னூறு ரூபாய். அந்த அம்மாவின் கூலியில் பாதி அதிலேயே போய்விட்டது.

அந்த அம்மா என்னிடம் சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "ரிசல்ட்டு வந்ததும் இவள நிறுத்திப்போட்டுக் கம்பெனி வேன்ல ஏத்தி உட்டர்லாம்னு இவங்கப்பன் சொல்றாருங்க. அதுன்னா ஊட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கும், ஊட்டு வாசல்லயே எறக்கி உட்ரும்." பனியன் கம்பெனி வேன்கள் காலை ஆறரைக்கே எங்கள் இட்டேரி முனைக்கு வந்து ஹாரன் அடிக்கின்றன. ஒரு நாள் தவறுவதில்லை. வேலைக்குப் போகிற பெண்களைக் கூட்டிப் போக நேரம் தவறாமல் வண்டி வருகிற ஊரில், படிக்கிற பெண்களைக் கூட்டி வரத்தான் வண்டி இல்லை.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் எழுநூறு எண்ணூறு மிச்சம் என்று களத்துப் பெண்கள் சொல்கிறார்கள். அந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். வராத பஸ்ஸில் என்ன மிச்சம் பிடிப்பது? பஸ் போகாத கிராமங்களுக்காக 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள், 25 கிலோமீட்டர் வரை ரூட் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் டவுன் பஸ் ஓடுவதாகக் கணக்கில் இருப்பதால் அதுவும் வருமா என்று தெரியவில்லை. வந்தால் டிக்கெட் எடுத்துப் போகவும் தயாராக இருக்கிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பெண்கள் எழுந்து பேசினோம், அக்டோபர் 11 சபையிலும் பேசினோம், தீர்மானத்தில் எழுதினார்கள். திருப்பூர் மாவட்டத்து ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதன்பிறகு தனி அலுவலர்தான். எழுதின தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலைய உள்ளூர் ஆள் ஒருவரும் இல்லை.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளம்ப நினைக்கிறவர்கள் வீட்டில் அதிகம் நடக்கிற பேச்சு அதுதான். தோட்டத்து வாசலுக்கே மஞ்சள் வேன் அனுப்புகிற தனியார் பள்ளிகள் சுற்று வட்டாரத்தில் இருக்கின்றன. வேன் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் வாங்கி அங்கே சேர்த்தவர்கள் உண்டு. நாங்கள் மகனை ஊரில் இருக்கிற அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சுடச்சுட. முதலில் வேண்டாம் என்றவன் இப்போது வீட்டில் சாப்பிடாமல் ஓடுகிறான்.

கிளம்ப யோசிக்கிற பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி போகும்போது மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் மகள் சென்னையில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவள், அவளுக்கு இவை கிடையாது. மகனுக்கு உண்டு. எப்படியும் வருவது என்று முடிவு செய்துவிட்டால், பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போவதற்குள் வந்துவிடுவது நல்லது. இதை எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை.

மகன் வகுப்பில் பீகார், ஒடிசா பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா அம்மா களத்துக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலைக்கு வந்தவர்கள். ஜூன் மாதம் வாயே திறக்காமல் இருந்த ஒரு பையன் தீபாவளி முடிந்து வந்து டீச்சரிடம் "எழுதிட்டேனுங்க டீச்சர்" என்றானாம். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். அந்தப் பிள்ளைகள் வந்ததால்தான் எங்கள் பள்ளியில் டீச்சர் குறையாமல் இருக்கிறார்கள் என்று பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தோடு இடம் பெயர்ந்து வந்ததில் எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அவர்கள் களத்தோரம் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள்.

தண்ணீர் அடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற பூமி இது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது, நாங்கள் அதன் கடைமடைப் பக்கம். ஆகஸ்ட் 15 வாக்கில் ஒரு பாதி நிலத்துக்கு நெல்லுக்கு விடுவார்கள், அடுத்த பாதிக்கு ஜனவரி வாக்கில் கடலை, எள்ளுக்கு. எங்கள் தோட்டம் வாய்க்கால் பாசனம் பெறுகிற ஆயக்கட்டில் இல்லை, மேட்டுப்புறம். ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கசிவில் எங்கள் கிணற்றிலும் மட்டம் ஏறும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று ஒரு தரப்பும், போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று இன்னொரு தரப்பும் அத்தனை வருடம் மல்லுக்கு நின்றது இதற்காகத்தான். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு.

வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் தனிக் கதை. போர் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு அதுதான். குடிக்கவும் சோறாக்கவும் நல்ல தண்ணி, ஊருக்குள் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வரைக்கும் வந்திருக்கிறது, தோட்டத்துச் சாளைகளுக்கு வரவில்லை. தண்ணி விடுகிற நாளில் வண்டியில் கேன்களைக் கட்டிப் போய்ப் பிடித்து வருகிறோம். பட்டணத்தில் மோட்டார் போட்டுக் குழாயைத் திறந்து பழகிய பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நொய்யல் கரையில் நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாயக் கழிவு சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று சென்னிமலைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போன விஷயம் அது.

நிலம் வாங்குகிறவர்கள் பட்டாவும் வில்லங்கமும் பார்ப்பார்கள். இங்கே பெரியவர்கள் முதலில் கேட்பது "தடம் இருக்குதுங்களா?" என்றுதான். ரோட்டிலிருந்து உங்கள் காட்டுக்கு வண்டி போகிற வழி பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த காட்டுக்காரர் வாய் வார்த்தையாக விட்டிருந்தால் அவர் மகன் காலத்தில் வேலி வந்துவிடும். அப்புறம் விவசாய மோட்டாருக்கு இலவச கரண்ட் என்று நம்பி அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்க வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. அத்தைக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாதா மாதம் சாளைக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சென்னையில் எங்களுக்கு அப்படி ஒருவர் வீடு தேடி வந்ததில்லை. வருகிற அம்மாவுக்கு எங்கள் தடத்தில் யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது வரை தெரியும். அவசரம் என்றால் 108. தடம் எங்கே பிரிகிறது என்று வழி சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் ரோட்டில் டார்ச்சோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியில் வண்டி தாண்டிப் போய்விடும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பாம்பு கடித்தால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், விஷ முறிவு மருந்து அங்கே இருக்கிறது. கண்ணாடி விரியன் இந்தக் காடுகளில் சாதாரணம். பிள்ளைகளைக் கட்டிலில்தான் படுக்க வைக்கிறேன்.

வருமானம். உங்கள் கட்டுரைகளில் அதிகம் வருவது இதுதான் என்பதால் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. முத்தூர், வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் சிரித்த முகமாக வந்தார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டுக் குடும்பத்தைக் கிளப்பாதீர்கள். தேங்காய் விலை விழுந்து மரத்தடியிலேயே காய் கிடந்த வருடங்களையும் அத்தை பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் மாதம் நிச்சயமாக வருவது பால் சொசைட்டிப் பணமும் என் கணக்கு வேலையும்தான். களங்களுக்கும் ஒரு ரைஸ் மில்லுக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ரிட்டர்ன் போடக் கடைசி நாட்களான மாதம் 11, 20 தேதிகள் நெருங்கினால் நான் கம்ப்யூட்டரை விட்டு எழுவதில்லை, அந்த நாட்களில் அடுப்படி அவரும் அத்தையும். சாளையில் உட்கார்ந்து இந்த வேலை செய்ய முடிகிறது என்பதால்தான் நாங்கள் விலை விழுந்தால் விழட்டும் என்று இருக்க முடிகிறது. வரப்போகிற குடும்பங்கள் மனைவியின் வேலையை விட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அத்தை விட மாட்டேன் என்ற கொறங்காட்டைப் பற்றியும் நாலு வரி எழுத ஆசை. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்ந்து, நடுநடுவே வெள்வேலான் மரம் நிற்கிற மேய்ச்சல் காடு. கோடையில் புல் காய்ந்த பிறகு அந்த மரத்துக் காய் உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகும். ஒரு காடு மேய்ந்ததும் படலைத் திறந்து அடுத்ததில் விடுவார். மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். இப்போது இரண்டு மூன்று வருடமாகத் தெருநாய்கள் கூட்டமாக வேலிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகின்றன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் காட்டில் ஆள் இருந்தால் நாய் சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள். பூட்டிய சாளைக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டிகளில்தான் சேதம் அதிகம்.

எங்கள் தடத்தில் பூட்டிக் கிடக்கிற மூன்றில் ஒரு குடும்பம் அடுத்த ஜூனுக்குள் பெங்களூரிலிருந்து வந்துவிடலாம் என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்கும் ஏழாவது படிக்கிற பெண் இருக்கிறாள். அவள் அம்மா போனில் என்னிடம் தோட்டத்தைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கேட்கவில்லை. "அக்கா, சாயங்காலம் பிள்ளை எப்படி வர்றா?" என்றுதான் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபரை ஒரு வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். எந்த ரூட்டில் எந்த பஸ் வந்தது, எது வரவில்லை என்று குறித்து உள்ளூர்ப் பக்கத்தில் போடுங்கள். பள்ளி விடுகிற நேரத்து டிரிப்பை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டால் போதும், புது பஸ்கூட நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் நாங்கள் பஸ் வராத நாட்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். நிருபர் வந்தால் அந்த நோட்டைக் கொடுக்கிறோம், அவரோடு நிற்கவும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தூர் வழி, காங்கேயம் வட்டம்,
திருப்பூர் மாவட்டம்.